பசிபிக் குளிர்ந்தால் சோமாலியா ஏன் காய்கிறது?

ஜும்ஆவில் சோமாலியா மக்களுக்காக துஆ கேட்கும்போதெல்லாம், "அங்கே மட்டும் ஏன் அடிக்கடி மழை பொய்க்கிறது?" என்று சகோதரர்கள் சிலர் எங்களிடம் கேட்பதுண்டு. பதிலின் பெரும்பகுதி பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, பசிபிக் பெருங்கடலில் இருக்கிறது.

அங்கே காற்று வழக்கமாகக் கிழக்கிலிருந்து மேற்காக வீசி, சூடான மேல்நீரை இந்தோனேசியா பக்கம் தள்ளிக்கொண்டு போகும். சில ஆண்டுகளில் இந்தக் காற்று பலமாகிவிடுகிறது. அப்போது பெரு நாட்டுக் கரையோரம் ஆழத்துக் குளிர்நீர் அதிகமாக மேலே வருகிறது. கடலின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் வழக்கத்தைவிட அரை டிகிரிக்கு மேல் குளிர்ந்து சில மாதங்கள் அப்படியே நீடித்தால், அதை 'லா நினா' என்கிறார்கள். ஸ்பானிய மொழியில் சிறுமி என்று பொருள். 2 முதல் 7 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும்.

இந்தோனேசியா அருகே சேர்ந்த வெப்பத்தால் அங்கே காற்று மேலெழுந்து மழை கொட்டுகிறது. கிழக்கு ஆஸ்திரேலியாவில் வெள்ளம் வருகிறது. மேலே போன காற்று கிழக்கு ஆப்பிரிக்காவின் மேல் கீழிறங்கும்போது மேகம் கூடுவதில்லை. சோமாலியாவின் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழை அப்படித்தான் தவறுகிறது. 2020 முதல் 2022 வரை லா நினா மூன்று ஆண்டுகள் தொடர்ந்தது. அங்கே ஐந்து மழைக்காலங்கள் அடுத்தடுத்துப் பொய்த்தன.

நமது வடகிழக்குப் பருவமழையும் லா நினாவின்போது குறையும் என்பது பொதுவான கணிப்பு. ஆனால் 2021இல் அது பலிக்கவில்லை. சென்னையில் நவம்பரில் மட்டும் 100 செ.மீ.க்கு மேல் பெய்து வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். வங்கக் கடலுக்கும் இந்தியப் பெருங்கடலுக்கும் அவற்றின் கணக்கு தனியாக உண்டு.

எங்களை உறுத்துவது 2011. லா நினாவைப் பார்த்து 2010 ஆகஸ்டிலேயே சோமாலியா பற்றிய எச்சரிக்கை வந்துவிட்டது. ஐ.நா. பஞ்சம் என்று அறிவித்தது 2011 ஜூலை 20இல். தொலைக்காட்சியில் எலும்பும் தோலுமான குழந்தைகளைப் பார்த்த பிறகுதான் உலகம் பணம் அனுப்பியது. உள்நாட்டுப் போரும், உதவியைத் தடுத்த ஆயுதக் குழுவும் சேர்ந்துகொள்ள, சுமார் 2,60,000 பேர் இறந்தார்கள். அவர்களில் பாதிப்பேர் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். 2017இல் வறட்சி திரும்பியபோது உதவி முன்கூட்டியே போனது. அல்ஹம்துலில்லாஹ், பஞ்சம் தவிர்க்கப்பட்டது.

அக்டோபர் மழைக்கான கணிப்பு ஆகஸ்டிலேயே வெளியாகிறது. நாமோ பெரும்பாலும் ரமளானில்தான் ஜகாத்தைக் கணக்கிட்டுக் கொடுக்கிறோம். ஆண்டு நிறைவடையும் முன்பே ஜகாத்தைக் கொடுக்க அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அனுமதி அளித்த ஹதீஸ் உண்டு. பெரும்பாலான சட்ட அறிஞர்கள் இதை ஏற்கிறார்கள். விரும்பும் சகோதரர்கள் தங்கள் ஆலிம்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஸதகாவுக்கோ மாதமே கிடையாது.