கூப்பனுக்குரிய காசை யார் கொடுக்கிறார்?

'கூப்பன்' என்ற சொல் மாத்தளை மாவட்ட மக்களுக்குப் புதிதல்ல. வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் கேட்டால் கூப்பன் புத்தகம், கூப்பன் அரிசி, கூப்பன் கடை என்று கதை கதையாகச் சொல்வார்கள். இன்று அதே சொல் வேறு வடிவில் வந்திருக்கிறது. சுப்பர் மார்க்கட்டுகளின் புள்ளித் திட்டம், வங்கி அட்டைக்கு வார இறுதியில் கிடைக்கும் விலைக்கழிவு, சவர்க்காரப் பொதியோடு வரும் சலுகைத் துண்டு, பெருநாள் கால வவுச்சர் என்று பல பெயர்களில் அது நம்மிடையே புழங்குகிறது.

இதனால் அதிகம் பாதிக்கப்படுபவர்கள் சிறிய பலசரக்குக் கடைக்காரர்களே. மாத்தளை திருகோணமலை வீதியிலும், உக்குவளை, வரக்காமுறை, இரத்தோட்டை, கலேவெலை போன்ற ஊர்களிலும் கடை வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மாத நடுவில் கொப்பியில் எழுதிக் கடனுக்கு வாங்க நமது கடை. சம்பளம் கிடைத்ததும் கைக்காசு கொடுத்து வாங்க சுப்பர் மார்க்கட். கடன் சுமை நம்மிடமும் ரொக்கம் அவர்களிடமும் போய்ச் சேருகின்றன. 'நாமும் கூப்பன் அடித்தால் என்ன?' என்று பலர் யோசிப்பதில் வியப்பில்லை. அடிக்கலாம். ஆனால் அதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை காண வேண்டும். அந்தக் கூப்பனுக்குரிய காசை யார் கொடுக்கிறார்?

அரிசிக் கூப்பன் தந்த பாடம்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942 இல் இலங்கையில் அரிசிப் பங்கீடு ஆரம்பமானது. குறைந்த விலையில் குறிப்பிட்ட அளவு அரிசி என்பதே அதன் அடிப்படை. உலகச் சந்தையில் விலை ஏறினால் மேலதிகச் செலவை அரசாங்கம் சுமந்தது. அந்தச் சுமை தாங்காமல் 1953 இல் ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார்கள். ஆகஸ்ட் 12 ஆம் திகதி நாடு தழுவிய ஹர்த்தால் நடந்தது. பிரதமர் டட்லி சேனாநாயக்க அதே ஆண்டில் பதவி விலகினார்.

1979 இல் பங்கீட்டு முறைக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. முத்திரையில் பொருளின் அளவு அல்ல, ரூபா எழுதப்பட்டிருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பொருட்களின் விலை வேகமாக ஏறியது. முத்திரையின் ரூபா ஏறவில்லை. கையிலிருந்த முத்திரை அதேதான், ஆனால் அதற்குக் கிடைத்த அரிசி குறைந்தது. முன்பு அரசாங்கம் சுமந்த விலையேற்றத்தை இப்போது குடும்பம் சுமந்தது.

கூப்பன் வெளியிடும் ஒவ்வொரு வியாபாரியும் இதை நினைவில் வைக்க வேண்டும். கூப்பனில் பொருளை எழுதினால் விலையேற்றம் கொடுப்பவர் தலையில் விழும். ரூபாவை எழுதினால் வாங்குபவர் தலையில் விழும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. அதற்குச் சில மாதங்கள் முன்பு 'ஐந்து கிலோ சீனி' என்று எழுதிக் கொடுத்த கடைக்காரரின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஆகவே சிறிய கடைக்காரர் கூப்பனில் ரூபாவை எழுதுவதும், காலத்தைக் குறுகியதாக வைப்பதுமே இரு தரப்புக்கும் நியாயமானது. இரண்டு அல்லது மூன்று மாதங்கள் போதும்.

பெரிய கடைகள் எப்படிக் கொடுக்கின்றன?

அமெரிக்காவில் 1896 இல் ஆரம்பிக்கப்பட்ட ஒரு நிறுவனம் பச்சை முத்திரைகளை அச்சிட்டுக் கடைகளுக்கு விற்றது. கடைக்காரர் அவற்றை வாடிக்கையாளருக்குக் கொடுப்பார். வாடிக்கையாளர் ஒரு புத்தகத்தில் ஒட்டிச் சேர்த்து, வீட்டுப் பொருட்களாக மாற்றிக்கொள்வார். வாடிக்கையாளருக்கு அது இலவசம் போலத் தெரிந்தது. உண்மையில் முத்திரையின் விலையைக் கடைக்காரரே கொடுத்தார். அதை மீட்பதற்குப் பொருளின் விலையில் சிறிது சேர்க்க வேண்டியதாயிற்று.

இங்கிலாந்தின் டெஸ்கோ நிறுவனமும் 1963 இல் இத்தகைய முத்திரைகளைக் கொடுக்க ஆரம்பித்தது. 1977 இல் அதைக் கைவிட்டு, அதற்குச் செலவான பணத்தைக் கொண்டு விலைகளைக் குறைத்தது. விற்பனை பெருகியது. பின்னர் 1995 இல் அதே நிறுவனம் புள்ளி அட்டையோடு திரும்பி வந்தது. இம்முறை நோக்கம் வேறு. எந்தக் குடும்பம் எதை, எப்போது, எவ்வளவு வாங்குகிறது என்ற தகவல் அட்டை மூலம் நிறுவனத்துக்குக் கிடைத்தது.

நமது நாட்டில் கீல்ஸின் நெக்ஸஸ் போன்ற புள்ளித் திட்டங்களும் இந்த வழியில் வந்தவையே. கைத்தொலைபேசி இலக்கத்தைச் சொன்னதும் புள்ளி சேர்கிறது. கூடவே தகவலும் சேர்கிறது. இத்தகைய பெரிய கடைகள் வழங்கும் சலுகைகளின் செலவு முழுவதும் அவர்களுடையதல்ல. ஒரு பங்கைப் பொருள் தயாரிக்கும் கம்பனியும், அட்டைக் கழிவில் ஒரு பங்கை வங்கியும் ஏற்பதுண்டு. சிறிய கடைக்காரர் அதே சதவீதத்தைக் கொடுக்க முற்பட்டால் முழுவதும் அவரது சொந்த இலாபத்திலிருந்தே போகும். இதை மறந்து போட்டியில் இறங்கக் கூடாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

உதாரணத்துக்கு, 5,000 ரூபா பில்லில் நமது கொள்முதல் 4,600 ரூபா, மொத்த இலாபம் 400 ரூபா என்று வைத்துக்கொள்வோம். அதாவது நூற்றுக்கு எட்டு. சுப்பர் மார்க்கட்டைப் பார்த்து நாமும் நூற்றுக்கு ஐந்து கழிவு கொடுத்தால் 250 ரூபா போய்விடும். மிஞ்சுவது 150 ரூபா. முன்பு மூன்று குடும்பங்களுக்கு விற்றுப் பெற்ற 1,200 ரூபா இலாபத்தை இப்போது பெற வேண்டுமாயின் எட்டுக் குடும்பங்களுக்கு விற்க வேண்டும். அத்தனை புதிய குடும்பங்கள் எங்கிருந்து வரும்?

இன்னொரு முறையைப் பார்ப்போம். பத்துக் கட்டங்கள் கொண்ட ஒரு சிறிய அட்டை. 1,000 ரூபாவுக்குக் கைக்காசு கொடுத்து வாங்கினால் ஒரு முத்திரை. பத்தும் நிறைந்ததும் 200 ரூபாவுக்குப் பொருள். 10,000 ரூபா விற்பனையில் நமது இலாபம் 800 ரூபா. நாம் கொடுக்கும் 200 ரூபாப் பொருளின் கொள்முதல் 184 ரூபா. மிச்சம் 616 ரூபா. பழைய இலாபத்தை எட்டுவதற்குப் பத்துக் குடும்பங்கள் இருந்த இடத்தில் பதின்மூன்று குடும்பங்கள் போதும். அல்லது இருக்கும் பத்துக் குடும்பங்களும் சம்பள நாளில் வெளியே கொண்டுபோகும் காசில் ஒரு பகுதியை நம்மிடம் செலவிட்டாலே போதும். வாடிக்கையாளர் திரும்பத் திரும்ப வர வேண்டும் என்பதே கூப்பனின் நோக்கம். முதல் பில்லிலேயே கழிவைக் கொடுத்துவிட்டால் அவர் மீண்டும் வரக் காரணமில்லை.

எந்தப் பொருளுக்குக் கொடுப்பது என்பதும் முக்கியம். கம்பனி விலை அச்சிட்ட பால்மா போன்ற பொருட்களில் இலாபம் மிகக் குறைவு. அவற்றில் சலுகை கொடுத்தால் கைநட்டம். நாமே அரைத்துப் பொதி செய்யும் மிளகாய்த்தூள், கறித்தூள், நமது மாவட்டத்திலேயே கொள்முதல் செய்யும் மிளகு, கராம்பு போன்றவற்றில் இலாபம் கூடுதல். நிறைந்த அட்டைக்கு இவற்றையே கொடுக்கலாம். அவ்வாறே, பன்னிரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்று ஏஜென்ட் கொடுக்கும்போது, அந்த ஒன்றைக் கூப்பன் பொருளாக ஒதுக்கி வைக்கலாம். அப்போது செலவு கம்பனியுடையது; நல்ல பெயர் நமக்கு.

றமழானும் வவுச்சரும்

றமழானில் பள்ளிவாசல்களும் தனவந்தர்களும் உலர் உணவுப் பொதிகள் வழங்குவது வழமை. பெரும்பாலும் அவை மொத்தமாக ஓரிடத்தில் வாங்கப்படுகின்றன. எல்லா வீட்டுக்கும் ஒரே பொதி. பருப்பு நிறைய இருக்கும் வீட்டுக்கும் பருப்பே போகிறது. இதற்குப் பதிலாக மஹல்லாவிலுள்ள கடைகளில் மாற்றக்கூடிய வவுச்சர் கொடுத்தால் குடும்பம் தனக்குத் தேவையானதை வாங்கும். வியாபாரம் ஊர்க் கடைகளுக்குள் பரவும். பொதியைச் சுமந்து செல்லும் சங்கடமும் ஏழைக்கு இல்லை.

எனினும் ஒரு நிபந்தனை. பணம் முன்கூட்டியே கைக்கு வர வேண்டும், அல்லது இத்தனை நாளில் தரப்படும் என்று எழுத்தில் இருக்க வேண்டும். வவுச்சர் காசாகும் வரை முடங்குவது கடைக்காரரின் முதல். ஸகாத் பணத்தையும் பித்ராவையும் இவ்வாறு வழங்குவதன் சட்டங்களை ஊர் உலமாக்களிடம் கேட்டுத் தெளிந்த பின்பே ஆரம்பிக்க வேண்டும்.

எல்லை தாண்டக் கூடாது

விலையை முதலில் ஏற்றிவிட்டு, பிறகு கழிவு என்று பலகை போடுவது மோசடி. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமும் வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்துவதைத் தடை செய்கிறது. சட்டத்துக்கு முன்பே நமது மார்க்கம் இதைச் சொல்லிவிட்டது. மதீனாச் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்டுபிடித்துக் கண்டித்த நபி (ஸல்) அவர்களின் வரலாறு நாமறிந்ததே. மேலே காய்ந்ததும் கீழே ஈரமுமாக இருப்பது தானியத்தில் மட்டுமல்ல, கூப்பனிலும் நடக்கலாம். பெரிய எழுத்தில் சலுகை, சிறிய எழுத்தில் நிபந்தனை என்பதும் அதே ரகம்தான்.

சீட்டிழுப்புக் கூப்பன் விடயத்திலும் கவனம் தேவை. பரிசுக்காகவே காசு கொடுத்துக் கூப்பன் வாங்குவது சூதாட்டம். அதைச் சூரா மாயிதாவின் 90 ஆம் வசனம் தடுக்கிறது. பொருளின் விலையில் மாற்றமின்றி, வாங்குபவருக்கு இலவசமாகக் கொடுக்கும் கூப்பனைப் பற்றி அறிஞர்களிடம் கருத்து வேறுபாடு உண்டு. சந்தேகமானதை விட்டுவிட்டு, அட்டை நிறைந்த எல்லோருக்கும் சமமாகக் கொடுக்கும் முறையே மனத்துக்கு நிம்மதி, பரக்கத்துக்கும் வழி.

வருடம் முழுவதும் மாதாமாதம் காசு வாங்கிக்கொண்டு பெருநாளுக்குப் பொருள் தருவதாகச் சொல்லும் திட்டங்களும் உண்டு. அந்தக் காசு வியாபாரியின் இலாபமல்ல. பொருளைக் கொடுத்து முடிக்கும் வரை அவர் மீதுள்ள பொறுப்பு. அதைக் கொண்டு புதிய லொறியோ மாடியோ கட்டுபவர் பெருநாள் வாரத்தில் ஊருக்கு முகம் கொடுக்க முடியாமல் போகலாம்.

வீட்டுக்கும் ஒரு கணக்கு

வியாபாரியும் ஒரு குடும்பத் தலைவரே. 500 ரூபா பிஸ்கட்டுக்கு நூற்றுக்குப் பத்துக் கழிவு என்றால் 50 ரூபா மிச்சம் என்று நினைக்கிறோம். வீட்டில் தேவைப்படாத பிஸ்கட் என்றால் அது 450 ரூபா செலவு. எனவே முதலில் பட்டியல் எழுத வேண்டும், பிறகே கூப்பனைப் பார்க்க வேண்டும். பொதியின் விலையை மட்டும் பாராமல் 100 கிராமுக்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும்; ஒரே விலையில் நிறை குறைந்த பொதிகள் சந்தையில் நிறையவே உண்டு. காலாவதித் திகதியையும் பார்க்க வேண்டும். இரத்தோட்டையிலிருந்து மாத்தளைக்கு முச்சக்கரவண்டியில் போய் 200 ரூபாக் கழிவு பெறுபவர் வண்டிக் கூலியையும் அதே கணக்கில் எழுத வேண்டும்.

இப்படி எழுதிப் பார்க்கும் குடும்பங்கள் பல, அருகிலுள்ள கடையே மலிவு என்று கண்டுகொள்ளும். அதற்கு அந்தக் கடையில் விலைப் பட்டியல் தெளிவாகத் தொங்க வேண்டும், கேட்டால் பில் கிடைக்க வேண்டும், தராசு சரியாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் உள்ள கடையின் கூப்பனையே மக்கள் நம்புவார்கள். அச்சகத்துக்குப் போவதற்கு முன் இம்மூன்றையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஐம்பது அட்டைகள் மட்டும் அடித்து, மூன்று மாதம் கொடுத்து, கொடுத்ததையும் பெற்றதையும் தனிக் கொப்பியில் எழுதுங்கள். தொடர்வதா நிறுத்துவதா என்பதை அந்தக் கொப்பி சொல்லிவிடும்.