விட்டுப்போன ப்ளஸ் ஒன்

போன வாரம் அணிகளைப் பார்த்தோம். இந்த வாரம் நுண்கணிதம். சேந்தமங்கலத்தில் சாயங்கால ட்யூஷனுக்கு வரும் ப்ளஸ் டூ பிள்ளைக்கு உண்மையில் எந்த இடத்தில் உதவி தேவை என்பதை ஒரு கணக்கை வைத்தே சொல்லிவிடலாம்.

சுவரில் சாய்த்த 17 மீட்டர் ஏணி. அதன் அடியை விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வெளியே இழுக்கிறோம். அடி, சுவரிலிருந்து 8 மீட்டரில் இருக்கும்போது உச்சி என்ன வேகத்தில் இறங்கும்? பிதாகரஸ் தேற்றத்தைப் பிள்ளையே எழுதிவிடும், உயரம் 15 மீட்டர் என்றும் சொல்லிவிடும். அடுத்த வரியில் பேனா நின்றுவிடும். உயரத்தின் வர்க்கத்தை நேரத்தைப் பொறுத்து வகையிட்டால், உயரத்தின் இரு மடங்கோடு உயரம் மாறும் வேகத்தையும் பெருக்க வேண்டும். அந்தப் பெருக்கல் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல்தான் திணறுகிறார்கள். அது சங்கிலி விதி. இருப்பது ப்ளஸ் ஒன் புத்தகத்தில். அது புரிந்தால் 8-ஐயும் 5-ஐயும் பெருக்கி 15-ஆல் வகுக்க வேண்டியதுதான்: விநாடிக்கு 8/3 மீட்டர்.

கைடும் யூடியூபும் இந்த விடையை வரிவரியாகக் காட்டும். பிள்ளை எந்த வரியில் நின்றது என்று அவற்றுக்குத் தெரியாது. நோட்டை வாங்கிப் பார்க்கிற ஆசிரியருக்குத்தான் தெரியும்.

ப்ளஸ் ஒன் பாடம் இப்படி விட்டுப்போனதில் நம் நாமக்கல் வட்டாரத்துக்குத் தனிப் பொறுப்பு உண்டு. 2006-இல் பொறியியல் நுழைவுத் தேர்வு ரத்தானதும் ப்ளஸ் டூ மதிப்பெண்ணே எல்லாம் என்றானது. இங்குள்ள விடுதிப் பள்ளிகள் பலவற்றில் ப்ளஸ் ஒன் பாடத்தைத் தள்ளிவிட்டு ப்ளஸ் டூ போர்ஷனையே இரண்டு வருஷம் ஓட்டினார்கள். கணிதத்துக்கு அன்று 200 மதிப்பெண். அதில் 40 ஒரு மதிப்பெண் கேள்விகள். புக் பேக்கை மனப்பாடம் செய்தவர்கள் அவற்றை அள்ளினார்கள். சென்டம் வாங்கிய பிள்ளைகளும் பொறியியல் முதல் செமஸ்டர் கணிதத்தில் அரியர் வைத்ததைப் பெற்றோர்கள் கண்ணால் கண்டார்கள்.

அரசு 2017-இல் ரேங்க் பட்டியலை நிறுத்தியது. ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. முதல் தேர்வு 2018 மார்ச்சில் நடந்தது. அந்த முடிவு சரியானது என்றே இன்றும் சொல்வேன். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அந்தத் தேர்வை எடுத்துவிட்டது. பிள்ளைகளின் பாரம் குறையும், மறுக்கவில்லை. ஆனால் தேர்வு போன இடத்தில் பாடமும் போய்விடுமோ என்பதுதான் என் பயம்.

வசதியுள்ள வீட்டுப் பிள்ளை நாமக்கல்லுக்குப் போய் ஃபீஸ் கட்டியாவது விட்டதைப் பிடித்துவிடும். கொல்லிமலையிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்து ஆசிரியரை விட்டால் ஆளில்லை. பொறியியல் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது, கல்விக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. அந்த இடத்தில் உட்காரப் போகிற பிள்ளைக்கு, ஜூன் மாதம் ப்ளஸ் டூ தொடங்கியதும் முதல் மூன்று வாரம் எல்லை, வகையிடல், சங்கிலி விதி ஆகியவற்றை மட்டும் நடத்துங்கள். அதற்குப் பிறகு போர்ஷனைத் தொடங்கலாம். பெற்றோரும் பள்ளியில் போய்க் கேளுங்கள்: ப்ளஸ் ஒன் கணிதப் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியை முழுசாக நடத்தினீர்களா?

(தொடரும்)