முகத்துவாரத்து வள்ளமும் வியாழனுக்குப் போன கப்பலும்

வெருகல் முகத்துவாரத்திலோ இலங்கைத்துறையிலோ கரையேற்றி வைத்திருக்கும் பைபர் வள்ளம் ஒன்றை விரலால் தட்டிப் பாருங்கள். மரத்தின் சத்தமும் வராது, இரும்பின் சத்தமும் வராது. அதன் உடம்பு முழுக்கக் கண்ணாடி நாரும் ரெசினும்தான். கல்லில் மோதி வெடித்த வள்ளத்தைத் திருத்துகிறவர் என்ன செய்கிறார்? பிசுபிசுத்த திரவம் ஒன்றை வாளியில் ஊற்றுகிறார். இன்னொரு திரவத்தை அளந்து கொஞ்சமாக விட்டுக் கலக்குகிறார். வெடிப்பின் மேல் வெள்ளை நார்ப்பாயை வைத்து, தூரிகையால் அந்தக் கலவையை ஊறப் பூசுகிறார். சற்று நேரத்தில் அந்த இடம் கல்லாகிவிடுகிறது.

அவருக்கே தெரியாமல் அவருக்கு இன்னொரு கலையும் பாதி தெரியும். அது விண்கப்பல் கட்டும் கலை. திரைப்படங்களில் வரும் விண்கப்பல்களை ரெசினில் துண்டு துண்டாக வார்த்துப் பெட்டியில் அடைத்து விற்கிறார்கள். வாங்குகிறவர் துண்டுகளைக் கழுவி, அரத்தால் ராவி, ஒட்டி, நிறம் பூசி, உள்ளே விளக்கு வைக்கிறார். பெரிய கப்பல்கள் ஒரு மீற்றர் நீளத்தையும் தாண்டும். பல மாத வேலை. வேலை செய்கிறவர்களில் அநேகர் பெரியவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்!

இந்தக் கதைக்கும் நம் கடலுக்கும் ஒரு தொடுப்பு இருக்கிறது. எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1956இல் இலங்கைக்குக் குடிவந்தார். அதே ஆண்டு நண்பர் மைக் வில்சனோடு திருகோணமலையில் சுழியோடினார். சுவாமிமலைப் பாறையின் அடியில், போர்த்துக்கேயர் 1620களில் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் செதுக்கிய தூண்களைக் கடலுக்குள் கண்டார். நீருக்குள் மிதப்பது விண்வெளியில் எடையின்றி மிதப்பது மாதிரியே இருக்கிறது என்பதுதான் அவர் சுழியோட ஆசைப்பட்டதற்கு ஒரு காரணம். பிற்பாடு இயக்குநர் ஸ்ரான்லி குப்ரிக்கோடு சேர்ந்து, '2001' என்ற ஆண்டெண்ணில் தலைப்புத் தொடங்கும் விண்வெளிப் படத்தின் கதையை எழுதினார். படம் 1968இல் வெளிவந்தது.

அதில் வியாழனுக்குப் போகும் கப்பலின் பெயர் டிஸ்கவரி. கணினி வரைகலை இல்லாத காலம். கப்பலைக் கையால்தான் கட்டவேண்டும். கட்டிய மாதிரியின் நீளம் 54 அடி, அதாவது 16 மீற்றருக்கு மேல். நம் கரையில் ஓடும் வள்ளங்கள் இரண்டைத் தலைமாடு கால்மாடாக நிறுத்தினாலும் அந்த நீளம் வராது. 'மாதிரி' என்றால் சின்னது என்று யார் சொன்னது? கப்பலின் மேல்தோல் முழுக்கக் குழாய், மூடி, பெட்டி என்று நுணுக்கமான உருவங்கள் அப்பிக் கிடக்கும். அவற்றில் நிறையத் துண்டுகள் கடையில் விற்கும் பிளாஸ்டிக் விளையாட்டு மாதிரிப் பெட்டிகளிலிருந்து எடுத்து ஒட்டியவை. படம் முடிந்ததும் பெரும்பாலான மாதிரிகளை அழித்துவிட்டார்கள். சந்திரனுக்குப் போகும் ஏரீஸ் என்ற உருண்டைக் கப்பல் மட்டும் எப்படியோ தப்பி, 2015இல் 344,000 டொலருக்கு ஏலம் போனது.

இப்போது வாளிக்குத் திரும்புவோம். அதில் ஊற்றிய பிசுபிசுத்த ரெசின் ஏன் இறுகுகிறது? 'காய்கிறது' என்று சொல்வது வழக்கம். ஆனால் துணி காய்வதுபோல் அதிலிருந்து நீர் ஆவியாகிப் போவதில்லை. திரவமாக இருக்கும்போது அதன் மூலக்கூறுகள் தனித்தனியாக வழுக்கித் திரியும். அளந்து விட்ட இரண்டாவது திரவமான வன்மையாக்கி சேர்ந்ததும் அவை ஒன்றோடொன்று பிணைந்து எல்லாத் திசையிலும் ஒரே பெரிய வலையாகிவிடும். வலைக்குள் அகப்பட்ட மூலக்கூறு அசைய முடியாது. அதுதான் திண்மம். இந்தப் பிணைப்பு நடக்கும்போது வெப்பம் வெளிவரும். பாடநூலில் இதைப் புறவெப்பத் தாக்கம் என்று படிப்பீர்கள். மெல்லிதாகப் பூசினால் வெப்பம் காற்றோடு போய்விடும். வாளி நிறையக் கலந்து வைத்தால் போக வழியின்றி உள்ளேயே தேங்கி, சூடு தாக்கத்தை விரைவாக்க, விரைந்த தாக்கம் மேலும் சூடாக்க, கடைசியில் வாளியே புகையும். உச்சி வெயிலில் வன்மையாக்கியைக் குறைத்து விடுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பதும் இதற்காகத்தான்.

வள்ளத்துக்குப் பூசுவது பொலியெஸ்ரர் ரெசின். விண்கப்பல் துண்டுகளை வார்ப்பது பெரும்பாலும் பொலியூரித்தேன் ரெசினில். இந்த இரண்டாவது ரெசினுக்கு ஈரம் ஆகாது. அதிலுள்ள ஐசோசயனேற்று என்ற பகுதி நீரைக் கண்டால் அதோடு தாக்கமுற்றுக் காபனீரொட்சைட்டு வாயுவை விடும். வாயு வெளியேறுமுன் ரெசின் இறுகிவிட்டால் துண்டு முழுக்கக் குமிழி. நம் பக்கத்தில் மார்கழி மாரி கொட்டும் நாளில் இதை வார்க்கத் தொடங்கினால், கப்பலுக்குப் பதிலாக ஓட்டை விழுந்த ஸ்பொஞ்சுதான் கிடைக்கும். பகிடிக்குச் சொல்லவில்லை. மெத்தைக்குள் இருக்கும் ஸ்பொஞ்சை வேண்டுமென்றே இதே பொலியூரித்தேனில் நீர் சேர்த்துத்தான் செய்கிறார்கள்.

ஒட்டுவதிலும் ஒரு விஷயம் உண்டு. கடை மாதிரிகளின் சாதாரண பிளாஸ்டிக்குக்கு உரிய பசை, இரு விளிம்பையும் சற்றுக் கரைத்து ஒன்றாக்கிவிடும். வலையாகிப்போன ரெசின் கரையாது. அதனால் சுப்பர் குளூவோ, இரண்டு குழாயிலிருந்து பிதுக்கிக் கலக்கும் எபொக்சியோ வேண்டும். பாரமான துண்டு என்றால் துளையிட்டுப் பித்தளைக் கம்பி செருகி ஒட்டவேண்டும். ஒட்டுவதற்கு முன் சவர்க்கார நீரில் கழுவாவிட்டால், அச்சில் பூசிய எண்ணெய் மிச்சமிருந்து பசையையும் நிறத்தையும் உரித்துவிடும். ரெசின் தூள் நுரையீரலுக்குக் கேடு. நீர் தொட்டு, முகக்கவசம் போட்டே தேய்க்கவேண்டும். ரெசின் கலக்குவது பெரியவர்கள் வேலை. நீங்கள் எட்ட நின்று பாருங்கள்.

விளக்கு வைப்பது உங்களால் முடிந்த வேலை. எல்.ஈ.டி. மின்குமிழ், தடையி, 9 வோல்ற்று பற்றரி போதும். வெள்ளை எல்.ஈ.டி. ஏறக்குறைய 3 வோல்ற்றைத் தனக்கு எடுத்துக்கொள்ளும். மிச்சம் 6 வோல்ற்று. 20 மில்லியம்பியர் ஓட்டம் போதுமென்றால் ஓமின் விதிப்படி 6ஐ 0.02ஆல் வகுக்க 300 ஓம் வரும். அந்த அளவில் ஒரு தடையியைத் தொடராக இணைக்கவேண்டும். தடையி இல்லாமல் நேரே பற்றரியில் கொடுத்தால் ஒருதரம் பளிச்சென்று எரிந்து, அதோடு சரி.

என்னைக் கேட்டால் 20 மில்லியம்பியரே அதிகம். பெரும்பாலானோர் கப்பலுக்குள் அளவுக்கு மிஞ்சி வெளிச்சத்தைக் கொட்டிக் கெடுக்கிறார்கள். கண் கூசும் சன்னல் கொண்ட கப்பல் விளையாட்டுச் சாமானாகவே தெரியும். 1,200 ஓம் தடையி போட்டால் 5 மில்லியம்பியர்தான் ஓடும். மங்கலாக, சரியாக இருக்கும். மெல்லிய ரெசினூடாக ஒளி கசியும் என்பதையும் மறக்கக்கூடாது. உட்புறத்தில் முதலில் கறுப்பு பூசி ஒளியை மறிக்கவேண்டும். அதன்மேல் வெள்ளை பூசினால் ஒளி தெறித்துச் சன்னல் வழியாக மட்டும் வெளியேறும்.

கப்பலின் சின்னச் சின்ன விளக்குகளுக்கு, ஒளியைக் கடத்தும் ஒளியியல் நார் உதவும். மாதிரியின் அளவுத்திட்டம் 1க்கு 144 என்று வையுங்கள். அரை மில்லிமீற்றர் தடிப்புள்ள ஒளியியல் நாரின் நுனி, உண்மைக் கப்பலில் 72 மில்லிமீற்றர் அகல விளக்காகிவிடும். ஒரேயொரு எல்.ஈ.டி.யின் முன் ஐம்பது நார்களைக் கட்டி, மறு நுனிகளை ஐம்பது துளைகளுக்குள் விடலாம். முழு அகத்தெறிப்பால் ஒளி நார் வளைந்த வழியே வளைந்து போகும்.

பழைய ஆட்களுக்கு இந்த வசதி இருக்கவில்லை. 'ஸ்டார் ட்ரெக்' தொடருக்காக 1964இல் கட்டிய 11 அடி என்ரர்பிரைஸ் கப்பலுக்கு விளக்குக் கம்பிகளெல்லாம் இடப்பக்கத்தால் நுழைந்தன. அதனால் கமெரா பெரும்பாலும் வலப்பக்கத்தையே பார்த்தது. வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தக் கப்பலை 2016இல் புதுப்பித்தபோது உள்ளே எல்.ஈ.டி. வைத்தார்கள்.

வெளியிலிருந்து விழும் ஒளியும் முக்கியம். பூமியில் காற்று ஒளியைச் சிதறடிப்பதால் நிழலுக்குள்ளும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கும். விண்வெளியில் காற்றில்லை. வெயில் படும் பக்கம் பளீர், மறுபக்கம் கருமை. டிஸ்கவரிக்குப் பக்கவாட்டிலிருந்து வலுவான விளக்கை அடித்ததும் இதனால்தான். கிட்டப் பிடித்த படத்தில் முன்பகுதி தெளிந்து பின்பகுதி மங்கினால் பொருள் சின்னது என்று கண் கண்டுபிடித்துவிடும். ஆகவே கமெராவின் துவாரத்தைச் சிறிதாக்கி, ஒவ்வொரு சட்டத்தையும் பல செக்கன் திறந்து வைத்துப் படம் பிடித்தார்கள்.

ரெசின் பெட்டிகள் வெளிநாட்டிலிருந்து வரவேண்டியவை, விலையும் அதிகம். அதற்காக ஏங்க வேண்டாம். இலங்கையின் இராவணா-1 செய்மதியைக் கட்டலாமே! தரிந்து தயாரத்ன, துலானி சாமிகா விதானகே என்ற இரு இளம் பொறியியலாளர்கள் ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவகத்தில் அதை உருவாக்கினார்கள். 2019 யூன் 17இல் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து, ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்தில் அது விடப்பட்டது. நீள அகலம் 10 சென்ரிமீற்றர், உயரம் 11.3 சென்ரிமீற்றர். சுருக்கவே வேண்டாம், அட்டையில் உண்மை அளவிலேயே வெட்டலாம். பக்கங்களில் சூரியக் கலங்களுக்குக் கருநீலத் தாள் ஒட்டுங்கள். உள்ளே மின்குமிழ் வைக்காதீர்கள், அதற்குச் சன்னல் கிடையாது. இரவில் அறையை இருட்டாக்கி, கறுப்புத் துணிக்கு முன்னால் நூலில் தொங்கவிட்டு, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் டோர்ச் அடித்துக் கைபேசியில் படம் எடுங்கள்.