விளையாத ஏலக்காய்க்கு விலை!

குரங்கணிக்கு மேலே ஏறினால் ஏலத் தோட்டங்கள். கீழே இறங்கினால் போடிநாயக்கனூர் ஏலக்காய்ச் சந்தை. காய் முற்றுவதற்கும் காசு கைக்கு வருவதற்கும் இடையே மழை, காற்று, நோய், விலை என்று நான்கு கண்டங்கள் உண்டு.

விலைக் கண்டம் லேசானதல்ல. 2018 வெள்ளத்தில் அண்டை இடுக்கித் தோட்டங்கள் நாசமாயின. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் உயர்ந்தபட்ச விலை கிலோ 7,000 ரூபாயை எட்டியது. 2022-லோ பல ஏலங்களில் சராசரி விலை ஆயிரத்துக்கும் கீழே இறங்கிவிட்டது.

இதற்கு மாற்றாகச் சொல்லப்படுவதே முன்பேர வியாபாரம். பம்பாயிலுள்ள எம்.சி.எக்ஸ். சந்தையில் 2006-ல் ஏலக்காய் முன்பேரம் தொடங்கிற்று. 100 கிலோ ஒரு பேரம். கிலோ 1,000 ரூபாய்க்கு முன்கூட்டி விற்றவருக்கு, கெடு நாளில் விலை 800 ஆனால் சரக்கில் 20,000 ரூபாய் குறையும். பேரத்தில் அதே தொகை வரவாகும். நஷ்டம் ஈடாகிவிடும்.

இரட்டை அடி

ஆனால் காயும் உதிர்ந்து விலையும் ஏறினால்? விற்கச் சரக்கு இராது. பேரத்திலும் பணம் கட்ட வேண்டும். சிறு விவசாயி தாங்குவாரா?

ஆகவேதான் சட்டம் குறுக்கிடுகிறது. 1952-ஆம் ஆண்டு முன்பேர ஒப்பந்தச் சட்டம், 11 நாளுக்குள் சரக்கும் பணமும் கைமாறும் வியாபாரத்தை ரொக்க வியாபாரமாகக் கருதியது. அதற்கு மேற்பட்டதையே கட்டுப்படுத்தியது. 1953-ல் முன்பேரச் சந்தைக் கமிஷன் ஏற்பட்டது. 2015 செப்டம்பர் 28-ல் அது பங்குச் சந்தைகளை மேற்பார்க்கும் ‘செபி’யுடன் இணைந்தது. 1952-ஆம் ஆண்டுச் சட்டம் ரத்தாகி, சரக்கு முன்பேரமும் 1956-ஆம் ஆண்டுப் பங்குப்பத்திர ஒப்பந்தச் சட்டத்தின்கீழ் வந்தது.

போடி ஏலத்தின் கதை வேறு. அங்கே கைமாறுவது கண்ணெதிரே உள்ள சரக்கு. 1987-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஏலம் நடத்துவோருக்கும் வியாபாரிகளுக்கும் லைசென்ஸ் தருவது நறுமணப் பொருள் வாரியம். வாய்விட்டுக் கேட்ட ஏலம் 2007-ல் கணிப்பொறிக்கு மாறியது.

சட்டம் விலைக்கு உத்தரவாதம் தருவதில்லை. பேரம் பேசுவோரிடம் முன்பணம் வாங்கி வைப்பதும், அன்றாடம் கணக்குத் தீர்ப்பதும், மோசடியைத் தண்டிப்பதுமே அதன் வேலை. அங்கீகாரம் பெற்ற சந்தைக்கு வெளியே ரகசியமாக நடக்கும் ‘டப்பா’ வியாபாரத்தில் இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. அது சட்டவிரோதமும் ஆகும். எனவே, பேரத்துக்கு ஆள் தேடி வரும் தரகரிடம் தோட்டக்காரர் கேட்க வேண்டிய முதல் கேள்வி லாபத்தைப் பற்றியதல்ல. “செபியில் பதிவு இருக்கிறதா? ரசீது தருவீரா?” என்பதே.