பக்கம் சமம், கோணம்?

மூன்று பக்கமும் ஒரே நீளம் என்றால் அது சமபக்க முக்கோணம். கோணம் ஒவ்வொன்றும் 60 டிகிரி. வேறு வழியே இல்லை. இதை வரைவதைத்தான் கணித மேதை யூக்ளிட் தம் 'எலிமென்ட்ஸ்' நூலில் முதல் கணக்காக வைத்தார். ஒரு கோட்டின் இரு முனைகளிலும் காம்பஸை ஊன்றி, அந்தக் கோட்டின் நீளத்துக்கே வில் போடுங்கள். இரண்டும் வெட்டும் இடம்தான் மூன்றாவது முனை. ஸ்கேலில் எண் பார்க்கவே வேண்டாம்!

நான்கு பக்கமும் சமம் என்றால் கதை வேறு. சதுரமாக நிமிர்ந்தும் நிற்கும், சாய்சதுரமாகச் சரிந்தும் போகும். கார் டிக்கியில் கிடக்கும் சாய்சதுர ஜாக்கி இந்தக் குணத்தை நம்பித்தான் வேலை செய்கிறது. திருகாணியைச் சுற்றச் சுற்ற, பக்கவாட்டு முனைகள் நெருங்கும், மேல்முனை உயரும், வண்டி எழும்பும். கோணங்கள்தான் மாறுகின்றன, நான்கு கைகளின் நீளம் மாறுவதே இல்லை.