கழுவெளி, ஏரி, தாங்கல்: தாம்பரம் – பள்ளிக்கரணை நிலப்பரப்பின் நீர்ப்பெயர்களும் மக்கள் வாழ்நிலையும்

ஆய்வுச்சுருக்கம்

சென்னையின் தென்புறநகராகிய தாம்பரம், பல்லாவரம், பள்ளிக்கரணைப் பகுதிகள் குன்று, புதர்க்காடு, ஏரிப்பாசன வயல், சதுப்பு, கடற்கரை ஆகிய நில அமைப்புகளை ஏறத்தாழ 15 கி.மீ. இடைவெளிக்குள் கொண்டவை. இந்நிலத்தில் நீர் செல்லும் வழியை அறிந்தோர் இட்ட பெயர்கள் ஊர்ப்பெயர்களாகவும் நீர்நிலைச் சொற்களாகவும் இன்றும் வழங்குகின்றன. அப்பெயர்களில் பொதிந்துள்ள நீரியல் அறிவையும், அவ்வறிவு ஆட்சி வழக்கிலிருந்து விலகியபின் மக்கள் வாழ்நிலையில் நேர்ந்த விளைவுகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தாம்பரம், பள்ளிக்கரணை, கழுவெளி, ஏரித்தொடர், ஊர்ப்பெயராய்வு, வாழ்நிலை.

முன்னுரை

ஊர்ப்பெயர்களை நிலவகை, நீர்நிலை, குடி, கோயில் என வகைப்படுத்தி ஆராயும் முறையைத் தமிழில் பரவலாக்கிய நூல் ரா. பி. சேதுப்பிள்ளையின் 'தமிழகம் ஊரும் பேரும்' (1946). அதன்பின் ஊர்ப்பெயராய்வு பெரும்பாலும் சொல்லின் பிறப்பையும் வரலாற்றையும் நோக்கியே நடந்துள்ளது. ஊர்ப்பெயர் மக்களின் இன்றைய வாழ்நிலையோடு கொண்டுள்ள உறவு குறைவாகவே பேசப்பட்டுள்ளது. அவ்வுறவைக் காண்பதற்கு ஏற்ற களம் சென்னையின் தென்புறநகர்.

இப்பகுதியின் ஆட்சி எல்லைகள் அண்மைக் காலத்தில் பலமுறை மாறியுள்ளன. பள்ளிக்கரணை, பெருங்குடி, சோழிங்கநல்லூர் ஆகியவை 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தன. காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து செங்கல்பட்டு மாவட்டம் 2019 நவம்பரில் பிரிக்கப்பட்டது. தாம்பரம், பல்லாவரம், செம்பாக்கம், பம்மல், அனகாபுத்தூர் ஆகிய 5 நகராட்சிகளும், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, சிட்லபாக்கம், மாடம்பாக்கம், திருநீர்மலை ஆகிய 5 பேரூராட்சிகளும் 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியாயின. மேடவாக்கம், பெரும்பாக்கம் போன்றவை ஊராட்சிகளாகவே நீடித்தன. எல்லைக்கோடுகள் இவ்வாறு மாறினும் நீரின் வழி மாறவில்லை. இக்கட்டுரையின் வாதம் இதிலிருந்தே தொடங்குகிறது.

1. நிலமும் நீரோட்டமும்

பல்லாவரம், திரிசூலம், வண்டலூர்க் குன்றுகள் இந்நிலத்தின் மேற்பகுதியில் உள்ளன. இராபர்ட் புரூஸ் ஃபுட் 1863 மே 30 அன்று பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தது இப்பல்லாவரத்திலேயே. மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரையும் இங்குண்டு. ஆகவே, மனிதர் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் மேட்டுநிலம் இது எனலாம். நன்மங்கலம் காப்புக்காடும், சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937 முதல் அமைந்துள்ள தாம்பரம் வளாகமும் பழைய புதர்க்காட்டின் எச்சங்களைத் தாங்கியுள்ளன.

இம்மேட்டில் பெய்யும் மழை இருவேறு திசைகளில் ஓடுகிறது. மேற்கே விழும் நீர் மணிமங்கலம், மண்ணிவாக்கம், முடிச்சூர்ப் பகுதிகளின் வழியே அடையாற்றை அடைகிறது. கிழக்கே விழும் நீர் ஏரிக்கு ஏரி வழிந்து பள்ளிக்கரணைச் சதுப்பில் சேர்கிறது. சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் இத்தகைய தொடர் ஒன்றில் அமைந்தவை. சதுப்பில் தங்கிய நீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, தெற்கே முட்டுக்காடு – கோவளம் முகத்துவாரத்தில் கடலோடு கலக்கிறது.

குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்னும் இலக்கணப் பாகுபாட்டை இந்நிலத்தின்மீது அப்படியே பொருத்திவிட இயலாது. எனினும் மேட்டுநிலத்திலிருந்து கடல்வரை நிலம் படிப்படியாக மாறுவதையும், அம்மாற்றத்திற்கேற்பத் தொழிலும் குடியிருப்பும் அமைந்ததையும் விளங்கிக்கொள்ளத் திணைநோக்கு துணைபுரிகிறது.

2. நீரைச் சுட்டும் பெயர்கள்

இப்பகுதியில் மிகுதியாகக் காணப்படும் ஈறு 'பாக்கம்'. அதன் திரிபு 'வாக்கம்'. செம்பாக்கம், மாடம்பாக்கம், பெரும்பாக்கம், துரைப்பாக்கம், ஈஞ்சம்பாக்கம், மேடவாக்கம், புழுதிவாக்கம் ஆகியவை எடுத்துக்காட்டுகள். பாக்கத்தை நெய்தல் நிலத்து ஊராகக் கொள்வது இலக்கண மரபு. சிலப்பதிகாரம் காட்டும் மருவூர்ப்பாக்கமும் பட்டினப்பாக்கமும் கடற்கரை நகரின் பகுதிகள். ஆனால் தொண்டை மண்டலத்தில் இவ்வீறு கடலிலிருந்து வெகுதொலைவு உள்ளே சென்றும் வழங்குகிறது. ஆகவே, பாக்கம் என்னும் ஈற்றைக் கண்டவுடன் அங்குக் கடல் இருந்தது என முடிவு செய்வது பொருந்தாது.

நேரடியாக நீரைச் சுட்டும் பெயர்கள் இதனினும் உறுதியான சான்றுகள். தாம்பரத்தின் கடப்பேரி ஏரியைத் தன் ஈற்றிலேயே கொண்டுள்ளது. பழவந்தாங்கலில் உள்ள 'தாங்கல்' சிறிய பாசன ஏரியைக் குறிக்கும் சொல். சுண்ணாம்புக் குளத்தூர் குளத்தையும், அரசன்கழனி வயலையும் சுட்டுகின்றன. ஒக்கியம் மடுவு என்பதில் ஆழ்ந்த நீரிடத்தைக் குறிக்கும் 'மடு' நிற்கிறது. பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய மேட்டுக்குப்பத்தின் பெயர், சுற்றிலும் நிலம் தாழ்ந்திருக்கையில் இவ்விடம் உயர்ந்திருந்தது என்பதைத் தெரிவிக்கிறது. சோழர் கல்வெட்டுகளில் வேளச்சேரி 'வெளிச்சேரி' எனப்படுகிறது. பரந்த வெளியை அடுத்த சேரி என்னும் பொருள் அதற்குப் பொருந்துவது.

திருநீர்மலை தனித்துக் குறிப்பிடத்தக்கது. ஆழ்வார் பாடல்பெற்ற இத்தலத்திற்கு வந்த திருமங்கையாழ்வார், மலையைச் சூழ்ந்து நின்ற நீர் வடியும்வரை ஆறு மாதம் காத்திருந்ததாகத் தலவரலாறு கூறுகிறது. அதனை வரலாற்று நிகழ்ச்சியாகக் கொள்ளவேண்டியதில்லை. எனினும் செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் அடையாற்றோடு கலப்பது இத்தலத்தின் அருகிலேயே. நீர் சூழும் இடம் என்னும் நினைவு பெயரிலும் கதையிலும் நிலைபெற்றதற்கு நில அமைப்பே அடிப்படை எனக் கருதலாம்.

3. ஏரியின் உறுப்புகள்

ஏரியைப் பற்றிய சொற்கள் அதன் செயல்முறையை முழுமையாக விளக்குவன. மழைநீரை ஏரிக்குக் கொணர்வது வரத்துக்கால். நீரைத் தடுத்து நிறுத்துவது கரை. வயலுக்கு வேண்டிய அளவு நீரைத் திறந்துவிடுவது மதகு அல்லது தூம்பு. ஏரி நிரம்பியபின் மிகுநீர் தானே வழியும்படி கல்லால் அமைக்கப்பட்டது கலங்கல். கலிங்கு எனவும் வழங்கும். கலங்கலில் வழிந்த நீரை அடுத்த ஏரிக்குக் கொண்டுசெல்வது போக்குக்கால். ஓர் ஏரியின் போக்குக்காலே அடுத்த ஏரியின் வரத்துக்கால் ஆதலால், தொடரின் ஒரு கண்ணி அறுந்தால் மேலூரில் வெள்ளமும் கீழூரில் வறட்சியும் ஒருங்கே நேரும்.

இவ்வமைப்பைப் பேணும் பொறுப்பு ஊருக்கே உரியதாக இருந்தது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. பிற்காலத்தில் குடிமராமத்து என்னும் பெயரில் ஊரார் உழைப்பால் தூர்வாரும் வழக்கம் தொடர்ந்தது. ஏரிநீரால் பயிர் செய்தோரே ஏரியைக் காத்தனர் என்பது இவற்றால் பெறப்படும். வயல்கள் மனைகளானபோது ஏரியின் பயனாளரும் மறைந்தனர். காப்போர் இன்றிப்போனதற்கு இதுவே முதற்காரணம்.

4. தொடர்வண்டிக் காலத்துப் பெயர்கள்

20ஆம் நூற்றாண்டில் பெயரிடும் முறை மாறியது. 1928இல் மருத்துவர் சவுரிமுத்து நிறுவிய காசநோய் மருத்துவமனை 'சானடோரியம்' என்னும் பெயரைத் தொடர்வண்டி நிலையத்திற்கும் சுற்றுப்புறத்திற்கும் வழங்கியது. தோல் பதனிடும் குரோம் தொழிற்சாலையால் குரோம்பேட்டை பெயர் பெற்றது. 1931இல் கடற்கரை – தாம்பரம் மின்தொடர் வண்டி ஓடத்தொடங்கியபின், நகரில் பணிபுரிவோர் இங்குக் குடியேறுவது எளிதாயிற்று. பின்னர் 1984இல் ஏற்றுமதி வளாகம் அமைந்தது.

இப்பெயர்கள் நீரோட்டத்தைப் பற்றி எதுவும் கூறுவதில்லை. தொழிலையும் நிறுவனத்தையும் கூறுகின்றன. தூய காற்றை நாடி நோயாளர் அனுப்பப்பட்ட ஊரும், தோல் தொழிலால் நிலத்தடி நீர் மாசுற்ற ஊரும் அடுத்தடுத்த தொடர்வண்டி நிலையங்களாக அமைந்திருப்பது இந்நிலத்தின் இருவகை வாழ்நிலையையும் காட்டுகிறது. தோல் தொழிற்கூடங்கள் வேலை தந்தன. அவற்றின் கழிவு பல்லாவரம், பம்மல் பகுதிகளில் கிணற்று நீரைக் குடிப்பதற்கு ஒவ்வாததாக்கியது.

5. கழுவெளி தரிசான வரலாறு

பள்ளிக்கரணைச் சதுப்பை அப்பகுதி மக்கள் 'கழுவெளி' என வழங்கினர். மழைநீரும் உவர்நீரும் கலந்து நிற்கும் தாழ்ந்த வெளியைக் குறிக்கும் பொதுச்சொல் இது. விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் அருகிலுள்ள கழுவேலி ஈரநிலத்தின் பெயரும் இச்சொல்லின் மற்றொரு வடிவமே. கழுவெளி என்னும் சொல்லில் நிலத்தின் பயன் அடங்கியுள்ளது: அது நீரை ஏற்கும், தேக்கும், பின் மெல்லக் கடலுக்கு விடும்.

நிலவருவாய் நோக்கில் பயிர் விளையாத இந்நிலம் தரிசு எனக் கருதப்பட்டது. சொல் மாறியதும் நிலத்தைப் பற்றிய கருத்தும் மாறியது. தரிசு என்பது வேறு பயனுக்காகக் காத்திருக்கும் நிலம். கழுவெளியோ தன் பணியை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் நிலம். 20ஆம் நூற்றாண்டின் இடையில் ஏறத்தாழ 5,000 எக்டேர் பரந்திருந்ததாகக் கணிக்கப்படும் இச்சதுப்பில், 1980களிலிருந்து பெருங்குடிக் குப்பைக் கிடங்கு வளர்ந்தது. சாலைகளும் தொடர்வண்டிப் பாதையும் கல்வி, ஆய்வு நிறுவனங்களும் தகவல் தொழில்நுட்பக் கட்டடங்களும் தொடர்ந்தன.

நகரின் நீர்வழிக் கரைகளில் வாழ்ந்த ஏழைக் குடும்பங்கள் மறுகுடியமர்த்தப்பட்ட இடங்களும் இத்தாழ்நிலத்தை ஒட்டியே அமைந்தன. துரைப்பாக்கத்துக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகியவை அத்தகையவை. 2015 வெள்ளத்திற்குப்பின் அடையாற்றங்கரையிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் பலவும் பெரும்பாக்கத்தில் குடியேற்றப்பட்டன. வெள்ள இடரிலிருந்து காப்பதற்கென இடம்பெயர்க்கப்பட்டோர் மீண்டும் நீர் தங்கும் நிலத்தையே சேர்ந்தனர். பணியிடத்திலிருந்தும் பள்ளியிலிருந்தும் விலகிய துன்பத்தோடு இத்துன்பமும் சேர்ந்தது.

எதிர்த்திசை முயற்சிகளும் இல்லாமலில்லை. 2007இல் சதுப்பின் 317 எக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. ஈரான் நாட்டு ராம்சர் நகரில் 1971இல் உருவான பன்னாட்டு ஈரநில உடன்படிக்கையின் பட்டியலில் 2022இல் 1,247.54 எக்டேர் பரப்புடன் பள்ளிக்கரணை இடம்பெற்றது. கழுவெளி என்னும் சொல் உணர்த்திய பயன், ஈரநிலம் என்னும் புதிய சொல்லால் மீண்டும் ஏற்கப்பட்டது எனலாம்.

6. இன்றைய வாழ்நிலை

2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணிநேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. அடையாற்றை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகள் நீரில் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது முடிச்சூருடன் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகளும் பாதிக்கப்பட்டன. மேற்கு நீரோட்டம், கிழக்கு நீரோட்டம் ஆகிய இரண்டின் தாழ்முனைகளும் ஒரே மழையில் துன்புற்றதை இது காட்டுகிறது.

இவ்விரு வெள்ளங்களுக்கும் இடையே 2019 கோடையில் சென்னையின் குடிநீர் ஏரிகள் ஏறத்தாழ வறண்டன. புறநகர்த் தெருக்களில் தண்ணீர் லாரிக்குக் குடங்களும் வரிசைகளும் காத்திருந்தன. நெம்மேலியில் 2013 முதல் கடல்நீர் குடிநீராக்கப்படுகிறது. ஏரிகளில் தங்கவேண்டிய மழைநீர் கடலில் கலக்க, அக்கடலிலிருந்தே மிகுந்த மின்செலவில் குடிநீர் எடுக்கப்படுகிறது. வெள்ளமும் வறட்சியும் இருவேறு சிக்கல்களாகத் தோன்றினும், தேங்கும் இடம் குறைந்தமை என்னும் ஒரே காரணம் இரண்டிலும் உண்டு.

சிட்லபாக்கம், செம்பாக்கம் ஏரிகளில் அண்மையில் சீரமைப்புப் பணிகள் நடந்துள்ளன. சிட்லபாக்கத்தில் குடியிருப்போரின் தொடர் முயற்சியும் அதற்குத் துணைநின்றது. ஏரிக்கரையில் வாழ்வோரே ஏரிக்குப் பொறுப்பேற்கும் பழைய வழக்கம், பயிர்த்தொழில் நீங்கியபின்னும் வேறு வடிவில் தொடரக்கூடும் என்பதற்கு இது சான்று. எனினும் மேற்கூறிய ஏரித்தொடரில் செம்பாக்கம் தாம்பரம் மாநகராட்சியிலும், நன்மங்கலம் ஊராட்சியிலும், நாராயணபுரம் சென்னை மாநகராட்சியிலும் உள்ளன. நீர் இறுதியில் சேரும் சதுப்பு வனத்துறையின் காப்பில் உள்ளது. ஓர் ஏரியை மட்டும் ஆழப்படுத்தி, அதன் போக்குக்காலைக் கட்டடங்களுக்கிடையே விட்டுவிட்டால் பயன் முழுமை பெறாது.

முடிவுரை

மக்கள்தொகைப் பெருக்கம், நிலவிலை, வேலைவாய்ப்பு, புயலின் கடுமை ஆகியவை இப்பகுதியின் வாழ்நிலையை வடிவமைத்த பெருங்காரணங்கள். பெயர் மறந்தமையால் மட்டும் வெள்ளம் வந்ததெனக் கூறுவது மிகையாகும். ஆனால், எந்த நிலம் நீருக்குரியது என்னும் அறிவு இம்மக்களிடம் இருந்தது. அது மொழியில் பதிந்திருந்தது. ஆட்சிச் சொற்கள் மாறியபோது முடிவெடுப்போர் கண்ணில் படாமல்போயிற்று.

இதில் தமிழாய்வுக்கு நேரடிப் பணி உண்டு. ஊர்ப்பெயர் ஆய்வுகள் பெரும்பாலும் ஊரின் பெயரோடு நின்றுவிடுகின்றன. தாங்கல், கால்வாய், கலங்கல், மேடு, பள்ளம், கழனி ஆகியவற்றின் சிறுபெயர்கள் நில அளவைப் பதிவேடுகளிலும், கல்வெட்டுகளின் எல்லைக் குறிப்புகளிலும், முன்பு ஏரிப்பாசனம் செய்த முதியோர் நினைவிலும் சிதறியுள்ளன. அவற்றைத் தொகுத்து நீரோட்ட வரைபடத்தோடு ஒப்பிட்டால், பொறியியலாளர்க்கும் ஊராட்சிக்கும் பயன்படும் சான்று கிடைக்கும். பதிவேடுகள் காக்கப்படலாம், ஆனால் கலங்கல் எங்கிருந்தது, எத்திசையில் வழிந்தது எனக் கண்டறிந்து கூறவல்ல தலைமுறை குறைந்துவருகிறது. ஆதலின் இத்தொகுப்புப் பணியில் வாய்மொழிச் சான்றுகளைத் திரட்டுவதே முதலில் மேற்கொள்ளத்தக்கது.