விடை தவறு, ஆனாலும் மதிப்பெண் உண்டு!

புதிதாக வாங்கிய குளிர்சாதனம் ஒன்று. பயன்பாட்டுக் கையேடு இல்லை. மேல், நடு, கீழ் என மூன்று விசைகள் மட்டும் இருக்கின்றன. எந்த விசை வெப்பத்தை மாற்றும், எது ஈரப்பதத்தை மாற்றும் என்று எங்கும் எழுதப்படவில்லை. நீங்களே விசைகளை நகர்த்திப் பார்த்து, எது எதைப் பாதிக்கிறது என்று படத்தில் கோடு போட்டுக் காட்ட வேண்டும்.

இது 2012ஆம் ஆண்டு பீசா மதிப்பீட்டில் கணினித் திரையில் வந்த கேள்வி. பொருளாதார ஒத்துழைப்பு, மேம்பாட்டு நிறுவனம் 15 வயது மாணவர்களுக்காக 2000ஆம் ஆண்டு முதல் நடத்தி வரும் அனைத்துலக மதிப்பீடுதான் பீசா. கணிதம், வாசிப்பு, அறிவியல் ஆகியவை அதன் வழக்கமான பகுதிகள். 2012இல் ‘பிரச்சினைக்குத் தீர்வு காணும் திறன்’ என்ற பகுதி கணினி வழி நடத்தப்பட்டது. மலேசியா, சிங்கப்பூர் உட்பட 44 நாடுகளையும் பொருளியல்களையும் சேர்ந்த ஏறத்தாழ 85,000 மாணவர்கள் அதில் பங்கேற்றனர்.

இதைத் தாளில் கேட்டிருக்க முடியாதா? முடியாது. தாளில் வரும் கேள்வியில் தேவையான விவரங்கள் எல்லாம் முன்கூட்டியே அச்சாகியிருக்கும். நிஜ வாழ்க்கையில் அப்படி இல்லை. எதையாவது செய்து பார்த்தால்தான் அடுத்த விவரம் கிடைக்கும். கணினித் திரையில் விசையை நகர்த்தினால், வெப்பமும் ஈரப்பதமும் மாறுவது உடனே வரைபடத்தில் தெரியும். பார்த்துவிட்டு மாணவர் அடுத்த அடியை எடுத்து வைக்கலாம்.

வழிக்கும் மதிப்பெண்

மாணவரின் ஒவ்வொரு சொடுக்கையும் கணினி பதிவு செய்துகொள்கிறது. குளிர்சாதனக் கேள்வியில் சரியான படம் வரைந்தவருக்கு முழு மதிப்பெண். படத்தைத் தவறாக வரைந்தாலும், ஒரு நேரத்தில் ஒரு விசையை மட்டும் மாற்றி முறையாக ஆராய்ந்தவருக்குப் பாதி வழியாவது வந்தார் என்று ஒரு பகுதி மதிப்பெண் தரப்பட்டது.

இதற்கு நேர்மாறான கேள்வியும் இருந்தது. ஓர் இயந்திரத்தில் நான்கு சுரங்க ரயில் பயணங்களுக்கு ஆகக் குறைந்த விலையில் பயணச்சீட்டு வாங்க வேண்டும். தனித்தனிப் பயணச்சீட்டா, நாள் முழுவதற்குமான சீட்டா, எது மலிவு? இரண்டின் விலையையும் பார்த்து ஒப்பிட்ட பிறகு வாங்கியவருக்கே முழு மதிப்பெண். ஒப்பிடாமல் வாங்கியவர், குருட்டாம்போக்கில் மலிவானதையே வாங்கியிருந்தாலும், அவருக்கு முழு மதிப்பெண் இல்லை.

உப்பா, புளியா?

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது என்ன பெரிய வித்தை என்று தோன்றலாம். குழம்பு சரியில்லை என்று உப்பு, புளி, மிளகாய்த்தூள் மூன்றையும் ஒன்றாக அள்ளிப் போடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ருசி மாறும். ஆனால் எதனால் மாறியது என்று தெரியாது. அடுத்த முறையும் அதே தடுமாற்றம்தான். உப்பை மட்டும் சிறிது கூட்டிச் சுவைத்துப் பார்ப்பவருக்குக் குழம்பு பிடிபட்டுவிடுகிறது. அறிவியல் பாடத்தில் ‘மாறிகள்’ என்று நாம் படிப்பதும் இதைத்தான்.

லக்சம்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாமுவேல் கிரைஃபும் சக ஆய்வாளர்களும் இந்தக் குளிர்சாதனக் கேள்வியின் சொடுக்குப் பதிவுகளை ஆராய்ந்து 2015இல் முடிவுகளை வெளியிட்டனர். விசைகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்த மாணவர்கள் அந்த ஒரு கேள்வியில் மட்டுமல்லாமல், தீர்வு காணும் பகுதி முழுவதிலுமே சிறப்பாகச் செய்திருந்தது அதில் தெரியவந்தது.

ஜோகூர் பாலத்தின் இருபுறமும்

முடிவுகள் 2014 ஏப்ரலில் வெளிவந்தன. சிங்கப்பூர் 562 புள்ளிகளுடன் முதலிடம் பெற்றது. தென் கொரியா 561, ஜப்பான் 552. பொருளாதார ஒத்துழைப்பு நாடுகளின் சராசரி 500. மலேசியா பெற்றது 422. நம் மாணவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் அடிப்படை நிலையைக்கூட எட்டவில்லை.

பத்தாண்டுக்குப் பின் 2022 பீசாவில் படைப்பாக்கச் சிந்தனை சோதிக்கப்பட்டது. 60 புள்ளிகளில் சிங்கப்பூர் 41 பெற்று மீண்டும் முதலிடத்தில் நின்றது. சராசரி 33. மலேசியாவுக்கு 25.

இடைப்பட்ட காலத்தில் நாம் சும்மா இருக்கவில்லை. பள்ளித் தேர்வுகளில் உயர்நிலைச் சிந்தனைத் திறன் கேள்விகள் சேர்க்கப்பட்டன. யுபிஎஸ்ஆர் 2021இலும் பிடி3 2022இலும் நீக்கப்பட்டன. ஆனால் தேர்வை நீக்குவதால் மட்டும் பழக்கம் மாறிவிடாது. உயர்நிலைச் சிந்தனைக் கேள்விக்கும் மாதிரி விடையை மனப்பாடம் செய்தால், அது சிந்தனைக் கேள்வியாகவே இருக்காது. கையேடு இல்லாத குளிர்சாதனத்துக்கு மாதிரி விடையும் கிடையாது.

இத்தகைய மதிப்பீட்டுக்கும் வரம்புகள் உண்டு. மாணவர் என்ன செய்தார் என்பதைச் சொடுக்குப் பதிவு காட்டும். ஏன் செய்தார் என்பதைக் காட்டாது. வீட்டில் கணினியே இல்லாத தோட்டப்புற மாணவருக்கு, கேள்விக்கு முன் திரையே ஒரு தடையாகலாம். ஆகவே புள்ளிகளை மட்டும் வைத்து ஒரு பிள்ளையை எடைபோட்டுவிடக் கூடாது.

பழகிக்கொள்ள என்ன வழி?

மாணவர்களே, இதற்குத் தனி டியூஷன் தேவையில்லை. வீட்டில் இணையம் வரவில்லையா? எல்லா வயரையும் ஒரே நேரத்தில் பிடுங்காதீர்கள். முதலில் கைப்பேசியில் வருகிறதா என்று பாருங்கள், பிறகு மோடத்தை அணைத்துப் போடுங்கள், அதன் பிறகு வயரைச் சோதியுங்கள். ஒவ்வொரு முறையும் என்ன மாறியது என்று கவனியுங்கள். கணக்கு தப்பினால் விடைப் பக்கத்தைத் திருப்புவதற்கு முன், எந்த வரியில் தப்பியது என்று நீங்களே தேடிப் பாருங்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை புதிய கருவியைத் திருகிக்கொண்டிருக்கும்போது, ஆபத்தில்லை என்றால் உடனே வாங்கிச் சரிசெய்து கொடுத்துவிடாதீர்கள். பத்து நிமிடம் பொறுங்கள். “இதை மாற்றியபோது என்ன ஆயிற்று?” என்று மட்டும் கேளுங்கள்.

ஆசிரியர்கள் தங்கள் வகுப்பிலேயே ஒரு மாற்றத்தைத் தொடங்கலாம். விடை தப்பாக இருந்தாலும், முறையாகத் தேடிய மாணவரின் தாளில் ஒரு மதிப்பெண்ணும், எந்த இடம் வரை சரியாக வந்தார் என்ற ஒரு வரியும் எழுதிக் கொடுங்கள். அடுத்த கேள்வியை அந்த மாணவர் வெற்றுத் தாளாக விட்டுவிட மாட்டார்.